150 ‘எம்.பி.’ ஃபைபர் இணைப்பு: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மதுரையில் என் வீட்டு மாடியறையில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். கேமராக்காரர்கள் திருநெல்வேலியிலும் கோயம்புத்தூரிலும் இருந்தபடியே படப்பதிவை இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நான் அதை இறக்கி, தொகுத்து, முடிந்த வீடியோவை மறுபடி ஏற்றி அனுப்புகிறேன். மின்சாரத்துக்கு அடுத்தபடியாக என் தொழில் நம்பியிருப்பது இணைய இணைப்பைத்தான். எட்டு மாதங்களுக்கு முன்பு, எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுப்பவர் வழியாக ஒரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பை வாங்கினேன். மாதக் கட்டணம் 799 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 942 ரூபாய் 82 காசு. நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லப்போகும் நிறைகுறைகள் இந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பவை அல்ல. வேறு இணைப்பு வைத்திருப்பவர்களும் தங்கள் வீட்டில் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. இந்தச் சேவை விற்கப்படுவது ஓர் அலகில். அதை நான் திரையில் பார்ப்பது வேறோர் அலகில். மாதத்துக்கு எவ்வளவு பயன்படுத்தலாம் என்ற வரம்பு சொல்லப்படுவது மூன்றாவது அலகில். இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்க்காதவரை இணைப்பு நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. குறை என்று நான் கோபப்பட்டது குறையே இல்லை என்பதையும், நான் கவனிக்காமலே விட்ட ஒரு நிஜமான குறையையும் காட்டிக்கொடுத்தது அந்த மாற்றுக் கணக்குதான்.

துண்டுப் பிரசுரத்திலிருந்து தொடங்குகிறேன். மஞ்சள் தாளில், பெரிய சிவப்பு எழுத்தில், ‘150 எம்.பி. அதிவேக இன்டர்நெட்’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது பிட், பைட் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) என்ற இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஓர் எழுத்தின் உருவம்தான்: ‘பி’ என்ற எழுத்தைச் சிறியதாகப் போட்டால் பிட், பெரியதாகப் போட்டால் பைட். தமிழ் எழுத்தில் சிறியது, பெரியது என்ற பேதமே கிடையாது. ஆகவே ‘எம்.பி.’ என்றோ ‘எம்பிபிஎஸ்’ என்றோ தமிழில் எழுதிய அந்தக் கணமே, எட்டு மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு அளவுகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பேச்சிலும் இதே நிலைதான். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய பெண்மணி மிகவும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் வேகத்தைச் சொல்லும்போதும் ‘எம்.பி.’ என்றார், கோப்பின் அளவைச் சொல்லும்போதும் ‘எம்.பி.’ என்றார். காதால் கேட்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? தமிழில் விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் ‘நொடிக்கு 150 மெகாபிட்’ என்று முழுச் சொல்லாக அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நாலைந்து எழுத்துகளுக்கான இடம் மட்டுமே.

என் பெரியப்பா மகன் இந்தப் பிரசுரத்தைப் பார்த்துவிட்டு உடனே ஒரு கணக்குப் போட்டார். ஆறு ஜி.பி. அளவுள்ள ஒரு வீடியோ, அதாவது ஆறாயிரம் எம்.பி.; நொடிக்கு 150 எம்.பி. என்றால் நாற்பது நொடியில் இறங்கிவிட வேண்டும். கூட்டல் வகுத்தலில் தவறே இல்லை. நிஜத்தில் அதே கோப்பு, இணைப்பு மிகச் சரியாக வேலை செய்யும் நாளில், என் கணினியில் இறங்குவதற்கு ஆறு நிமிடமும் சில நொடிகளும் ஆகின்றன. நாற்பது நொடிக்கும் ஆறு நிமிடத்துக்கும் நடுவே ஒன்பது மடங்கு இடைவெளி இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். முதல் வாரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இடைவெளியின் பெரும்பகுதி பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ளது. பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறி. கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தி, அதை உருவாக்கியவர் ஜான் டூக்கி என்று குறிப்பிட்டிருக்கிறார். பைட் என்ற சொல் 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் வெர்னர் புக்ஹோல்ட்ஸ் உருவாக்கியது. இன்று எட்டு பிட்டுகளின் தொகுப்பைக் குறிக்கிறது. ஆரம்பகாலக் கணினிகளில் ஒரு பைட் எத்தனை பிட் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறியது. கம்பியிலோ கண்ணாடி இழையிலோ செல்வது எப்படியும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் குறிகள்தான் என்பதால், தொலைத்தொடர்புத் துறை பிட்டையே எண்ணியது, அந்த வழக்கமே இன்றும் நிற்கிறது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் கணினி உலகமோ பைட்டில் எண்ணியது. ஆகவே பிட்டில் வேகம் சொல்வதை இணைய நிறுவனங்களின் தந்திரம் என்று சொல்வது நியாயமல்ல. அது அவர்கள் துறையின் பழைய வழக்கு. அலகைத் தெளிவாக எழுதாமல் விடுவதைத்தான் குறையாகச் சொல்ல வேண்டும்.

என் தொழிலிலேயே இந்த இரண்டு வழக்குகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கேமராவின் பதிவுத் தரம் நொடிக்கு 100 மெகாபிட் என்றிருக்கும். அதில் செருகும் அட்டையின் மேல் ‘வி30’ என்று போட்டிருக்கும், அதற்குப் பொருள் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பது. 100 பெரியது, 30 சிறியது, எனவே அட்டை போதாது என்று பயந்து விலையுயர்ந்த அட்டை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 30 மெகாபைட் என்பது 240 மெகாபிட். அந்தக் கேமராவுக்குத் தேவையானதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அட்டை விஷயத்தில் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்த நானே இணைய இணைப்பு விஷயத்தில் ஒரு வாரம் தடுமாறினேன் என்றால், தொழிலோடு சம்பந்தமில்லாதவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

இரண்டாவது வித்தியாசம் ‘மெகா’ என்ற முன்னொட்டில் இருக்கிறது. வேகத்தில் மெகா என்றால் சரியாகப் பத்து இலட்சம். விண்டோஸ் தன் கோப்புப் பட்டியலில் எம்.பி. என்று காட்டும்போது 1024-ஐ 1024-ஆல் பெருக்கிய 10,48,576 பைட்டுகளைச் சொல்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் கிபி, மெபி, கிபி என்று ஒலிக்கும் தனி முன்னொட்டுகளை ஏற்படுத்தியது. இவற்றிலும் கிலோவுக்குரியதும் கிகாவுக்குரியதும் தமிழில் எழுதினால் ஒன்றாகவே தெரிகின்றன என்பதால், இந்தக் கட்டுரையில் ‘1024 கணக்கு’ என்றே எழுதுகிறேன். மேக் கணினிகள் 2009-ஆம் ஆண்டு முதல் கோப்பின் அளவை ஆயிரத்தின் கணக்கிலேயே காட்டுகின்றன. ஆகவே ஒரே கோப்பு இரண்டு கணினிகளில் இரண்டு அளவாகத் தெரியும். மெகாவில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து சதவீதம், கிகாவில் ஏழு சதவீதத்துக்கும் மேல், டெராவில் ஏறத்தாழ பத்து சதவீதம்.

மூன்றாவதாக வருவது உறைகளின் எடை. தபாலில் கடிதத்தோடு உறையும் முகவரியும் சேர்ந்து போவதுபோல, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மேலும் முகவரி முதலான விவரங்கள் சுமத்தப்படுகின்றன. கணினியையும் ரவுட்டரையும் இணைக்கும் சாதாரண ஈதர்நெட் கம்பியில் ஒரு முழுப் பொட்டலம், அடுத்த பொட்டலத்துக்கு முன் விடப்படும் இடைவெளியையும் சேர்த்து, 1538 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது; அதில் நம் கோப்பின் சரக்கு அதிகபட்சம் 1460 பைட். அதாவது கம்பியின் வேகத்தில் ஏறத்தாழ 95 சதவீதம்தான் நம் கைக்கு வரும். இதை எந்த நிறுவனத்தாலும் மாற்ற முடியாது.

இந்த மூன்றையும் சேர்த்து 150 மெகாபிட்டை மாற்றினால் மூன்று எண்கள் கிடைக்கின்றன. எட்டால் வகுத்தால் 18.75 மெகாபைட், கூகுள் தேடல் பெட்டியில் மாற்றச் சொன்னாலும் இந்த எண்தான் வரும், அது முழுக்கச் சரி. 1024 கணக்கில் எழுதினால் அதுவே 17.88. உறைகளின் எடையையும் கழித்தால் திரையில் தெரிய வேண்டியது ஏறத்தாழ 17. காகிதமும் பேனாவும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே போட ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறேன்: திட்டத்தின் மெகாபிட் எண்ணை ஒன்பதால் வகுத்துவிடுங்கள். 100 என்றால் 11, 150 என்றால் 16.7, 300 என்றால் 33. நல்ல இணைப்பில், 1024 கணக்கில் காட்டும் நிரலில், உங்கள் திரையில் தெரியும் எண் இதற்கு ஒரு நூலிழை மேலேயே இருக்கும். மிகவும் கீழே இருந்தால் மட்டும் புகார் செய்யுங்கள்.

என் திரையில் முதல் இரண்டு வாரமும் தெரிந்த எண் 11.2. ஏற்ற இறக்கமே கிடையாது, காலையிலும் 11.2, நள்ளிரவிலும் 11.2. கேபிள்காரரிடம் சொன்னபோது, ‘எட்டால் வகுத்தால் அப்படித்தான் வரும்’ என்றார், நானும் சில நாள் ஒப்புக்கொண்டேன். பிறகு ஓர் இரவு வேலை முடிந்தபின் பொறுமையாக உட்கார்ந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 11.2-ஐ 1024 கணக்கிலிருந்து ஆயிரத்தின் கணக்குக்கு மாற்றினால் 11.74 மெகாபைட்; எட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 94 மெகாபிட். 94 என்ற எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 100 மெகாபிட் கம்பியில் உறைகளின் எடை போக மிஞ்சுவது அதுதான். நிறுவனத்தின் பக்கம் நெரிசல் இருந்தால் எண் நேரத்துக்கு நேரம் மாறும். இப்படி ஆணி அடித்ததுபோல் 94-இல் நிற்காது. என் வீட்டுக்குள்ளேயே எங்கோ ஓர் இடத்தில் 100 மெகாபிட் என்ற வாசல் இருக்கிறது, 150 அந்த வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. கணினியின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து பார்த்தேன்: இணைப்பு வேகம் என்ற இடத்தில் 100/100 என்று இருந்தது.

மறுநாள் புகார் கொடுத்தேன், அன்று மாலையே ஆள் வந்தார் என்பதை நிறுவனத்தின் பக்கம் வரவில் எழுத வேண்டும். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். மோடத்திலிருந்து மாடியறைக்கு அவர்களே இழுத்துக் கொடுத்திருந்த கம்பியின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கண்ணாடிபோல் இருக்கும் அந்தச் சிறிய பிளக்கின் எட்டுப் பள்ளங்களில் நான்கில் மட்டுமே ஒயர் தெரிந்தது: ஆரஞ்சும் அதன் வெள்ளை ஜோடியும், பச்சையும் அதன் வெள்ளை ஜோடியும். நீலமும் பழுப்பும் உறைக்குள்ளேயே கத்தரிக்கப்பட்டிருந்தன.

‘அண்ணே, நெட்டுக்கு நாலு ஒயரே போதும்ணே. எல்லா வீட்லயும் இப்படித்தான் அடிக்கிறோம்’ என்றார் அவர்.

‘நூறு வரைக்கும் போதும் தம்பி. அதுக்கு மேல போகணும்னா எட்டும் வேணும்’ என்றேன்.

அவர் வாதாடவில்லை. பையிலிருந்து கிரிம்பிங் டூலை எடுத்து, பழைய முனைகள் இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, எட்டு ஒயரையும் வரிசைப்படுத்தி விரலால் நீவி நேராக்கி, புதிய பிளக்கில் நுழைத்து அழுத்தினார். இரண்டு முனைக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. கம்பியை மறுபடி செருகியபோது கணினியில் 1000/1000 என்று வந்தது. அதே தளத்திலிருந்து அதே கோப்பை இறக்கினோம். 16.9. வேகச் சோதனையில் 142 மெகாபிட். 142-ஐ எட்டால் வகுத்து 1024 கணக்குக்கு மாற்றினால் 16.9 வருவதை அவருக்கும் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இது எளிதில் கடந்துபோகக்கூடிய விஷயமல்ல. 150, 200, 300 என்று பெரிய திட்டங்களுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு, நான்கு ஒயர் கம்பியாலோ, 100 மெகாபிட் போர்ட் மட்டுமே உள்ள மலிவான ரவுட்டராலோ 94-இல் சிக்கியிருக்கும் வீடுகள் கட்டாயம் இருக்கும். அவர்களுக்கு வேகச் சோதனையில் 94 என்று வரும். பரவாயில்லை, ஏதோ வருகிறது என்று விட்டுவிடுவார்கள். உங்கள் திட்டம் நூறுக்கு மேற்பட்டதாக இருந்து, கம்பி வழிச் சோதனையில் 93 முதல் 95 வரை எப்போதும் ஒரே எண் வருகிறது என்றால், கம்பியின் முனையையும் ரவுட்டரின் போர்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வைஃபையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் செல்பேசி, ரவுட்டரோடு உள்ள இணைப்பு வேகத்தை 433 மெகாபிட் என்று காட்டுகிறது. அது செல்பேசிக்கும் ரவுட்டருக்கும் இடையே ஒத்துக்கொண்ட அலைவரிசை வேகம். இணையத்தின் வேகம் அல்ல, முழுதாகக் கைக்குக் கிடைக்கக்கூடியதும் அல்ல. அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் 140 வரை வருகிறது. கீழ்த்தளத்து அடுக்களையில் செல்பேசி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மாறிவிடுகிறது. அங்கே இணைப்பு வேகம் 72, நிஜத்தில் 40 சொச்சம். நிறுவனம் கொடுத்த ரவுட்டர் சராசரியானது. இரண்டு மாடி வீட்டுக்கு ஒன்று போதாது.

ஏற்றும் வேகத்தைப் பற்றிப் பிரசுரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. என் தொழிலுக்கு இதுதான் உயிர்நாடி என்பதால், வாங்குமுன் இதைக் கேட்காமல் விட்டது என் தவறு. நான் அளந்தவரை 40 மெகாபிட். 32 ஜி.பி. அட்டை ஒன்றை முழுவதுமாக ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அட்டை தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் கணக்கில் அளவைச் சொல்வதால் மாற்றுவது சுலபம்: 32-ஐ எட்டால் பெருக்கினால் 256 கிகாபிட், 40 மெகாபிட்டால் வகுத்தால் 6,400 நொடி, ஒரு மணி 46 நிமிடம் 40 நொடி. அனுபவத்திலும் ஒன்றே முக்கால் மணியை ஒட்டித்தான் வருகிறது. நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுத்த படப்பதிவு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இடம் பிடிக்கும், அதை 40 மெகாபிட்டில் ஏற்ற இரண்டரை மணி நேரம். முகூர்த்த நாட்களில் இரவு படுக்கப் போகும் முன் ஏற்ற விட்டுவிட்டு, காலையில் எழுந்து பார்ப்பதுதான் வழி. இறக்குவதும் ஏற்றுவதும் ஒரே வேகத்தில் தரும் திட்டங்கள் சந்தையில் உண்டு. என்னைப் போன்றவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மாலை நேர வேகத்தை மூன்று வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தேன். காலை ஆறு மணிக்கு 142, பிற்பகல் 140, இரவு எட்டு மணிக்கு மேல் 90 முதல் 120 வரை. இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே பெருமளவில் பயன்படும் ஜிபான் என்ற ஃபைபர் முறையில், ஒரு கண்ணாடி இழை சுமக்கும் மொத்த இறக்க வேகம் நொடிக்கு 2,488 மெகாபிட், ஏற்றுவதற்கு 1,244. கம்பத்தில் தொங்கும் பிரிப்பான் பெட்டி வழியாக அந்த ஓர் இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. 2,488-ஐ 32-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 78-ஐக்கூடத் தொடாது. 64 வீடு என்றால் 39 மெகாபிட். எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறக்குவது நடப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் எல்லாருக்கும் 150 விற்கப்படுகிறது. ஒரு வீட்டில் உயர்தர வீடியோ ஓடினால் அதற்கு ஐந்து முதல் இருபத்தைந்து மெகாபிட் போதும் என்பதால் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலித்தும் விடுகிறது. இரவில் 90 என்பது என் பார்வையில் பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஒருமுறை மட்டும், கிரிக்கெட் ஆட்டம் நடந்த ஓர் ஞாயிறு இரவில், 61 வரை இறங்கியது.

‘அன்லிமிடெட்’ என்று பிரசுரம் சொன்னாலும், விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் மாதத்துக்கு 3,300 ஜி.பி. என்று வரம்பு போட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் 2 மெகாபிட். இந்த வரம்பையும் வேகமாக மாற்றிப் பார்க்கலாம், அப்படிப் பார்ப்பது கண்ணைத் திறக்கிறது. 3,300 ஜி.பி. என்பது 26,400 கிகாபிட். முழு 150-இல் விடாமல் இறக்கினால் 49 மணி நேரத்துக்குள், அதாவது இரண்டு பகல் இரண்டு இரவும் ஒரு மணி நேரமும் ஆவதற்குள், மாதம் முழுவதற்குமான பங்கு தீர்ந்துவிடும். அதையே முப்பது நாளின் எல்லா நொடிகளுக்கும் பங்கிட்டால், சராசரி 10 மெகாபிட்டைச் சற்றே தாண்டும். ஆகவே நான் உண்மையில் வாங்கியிருப்பது, தேவைப்படும்போது 150 வரை வேகமெடுக்கக்கூடிய, சராசரியில் 10 மெகாபிட் இணைப்பு. வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம். எனக்கும் இதுவரை போதுமானதாக இருக்கிறது. ஆனால் ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

வரம்புக்குப் பின் தரும் 2 மெகாபிட் என்பது நொடிக்கு கால் மெகாபைட். ஒரு மணி நேரப் படப்பதிவான 45 ஜி.பி.யை அந்த வேகத்தில் இறக்க 50 மணி நேரம் ஆகும். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று அழைக்கப்படுவதற்கான குறைந்தபட்ச வேகம் 2004-இல் 256 கிலோபிட்டாக இருந்தது, பிறகு 512 ஆனது, 2023 ஜனவரி முதல் 2 மெகாபிட் ஆக்கப்பட்டிருக்கிறது. 256 கிலோபிட் என்பது நொடிக்கு 32 கிலோபைட். அந்தக் காலத்தில் ஒரு பாட்டு இறங்க இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தவர்களுக்கு 2 மெகாபிட் பெரிதாகத் தெரியலாம். வீடியோ வேலைக்கு அது இணைப்பே இல்லாததற்குச் சமம்.

வைகாசி மாதத்தில் வேலை குவிந்திருந்தபோது எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. நிறுவனத்தின் செயலி 2,900 ஜி.பி. பயன்படுத்திவிட்டதாகக் காட்டியது, அதே நாட்களுக்கு என் சொந்த ரவுட்டரின் கணக்கு 2,701. ஏறத்தாழ 200 ஜி.பி. கூட்டி எழுதியிருக்கிறார்களே என்று கொதித்துப்போய் தொலைபேசியை எடுத்தேன். எண்ணை அழுத்தும் முன் கம்பி விஷயத்தில் கற்றது நினைவுக்கு வந்தது. 2,900-ஐ ஆயிரத்தின் கணக்கிலிருந்து 1024 கணக்குக்கு மாற்றினேன்: 2,700.8. இரண்டும் ஒரே அளவுதான். அலகு மட்டும் வேறு. அவர்கள் கூட்டவில்லை, என் ரவுட்டரும் குறைக்கவில்லை. அன்றைக்கு நான் சண்டை போட்டிருந்தால் தவறு என்னுடையதாக இருந்திருக்கும். ஆனாலும் செயலியில் ஒரு ஜி.பி. என்பது எத்தனை பைட் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 3,300 ஜி.பி. என்ற வரம்பு 1024 கணக்கில் 3,073 மட்டுமே என்பதை ரவுட்டரை நம்பிக் கணக்கு வைப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

எட்டு மாதத்தில் இணைப்பு முழுவதுமாக அறுந்தது மூன்று முறை. ஒரு முறை சாலை தோண்டியபோது இழை வெட்டுப்பட்டு ஒன்றரை நாள் ஆனது. மற்ற இரண்டும் சில மணி நேரத்தில் சரியாயின. பில் சரியாக வருகிறது, மறைமுகக் கட்டணம் எதுவும் இல்லை. ஆகவே யாருக்கு இந்த இணைப்பு பொருந்தும் என்றால், நான்கைந்து பேர் உள்ள வீட்டில் படம் பார்க்க, பிள்ளைகள் படிக்க, வீட்டிலிருந்து அலுவலக வேலை செய்ய இது தாராளமாகப் போதும். இதைவிடக் குறைந்த 100 மெகாபிட் திட்டமே அவர்களுக்குப் போதும் என்றுகூடச் சொல்வேன். அதிகம் ஏற்றி அனுப்ப வேண்டிய தொழில் செய்பவர்கள் ஏற்றும் வேகத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் முன்பணம் கட்ட வேண்டாம். யாராக இருந்தாலும் கம்பியை அடிக்கும்போதே பக்கத்தில் நின்று, எட்டு ஒயரும் பிளக்கில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் வந்தவர் முன்னிலையிலேயே ஒரு பெரிய கோப்பை இறக்கி, திரையில் தெரியும் எண் திட்டத்தை ஒன்பதால் வகுத்த எண்ணுக்கு ஈடாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சென்ற வாரம் அடுத்த ஆறு மாதத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டேன். அப்போது பிரசுரத்திலும் ரசீதிலும் ‘மெகாபிட்’ என்று முழுச் சொல்லாக எழுதும்படி கேபிள்காரரிடம் ஒரு கடிதமும் கொடுத்தேன். நிறுவனத்துக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். மாடிக் கம்பியை எட்டு ஒயரில் அடித்துக் கொடுத்த தம்பி அன்று அங்கே இருந்தார். இப்போது நூறுக்கு மேற்பட்ட திட்டம் எடுக்கும் வீடுகளில் எட்டையும் அடிப்பதாகச் சொன்னார்.